அற்புதமும் மனந்திரும்புதலும்

கொழும்புத் துறைமுகத்துக்கு அண்மையில், கொட்டாஞ்சேனையின் கரையோரத்தில் நிற்கிறது கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமைகளில் அங்குச் சென்று பார்ப்பவர் இந்நாட்டில் வேறெங்கும் எளிதிற் காணமுடியாத ஒரு காட்சியைக் காண்பர். துறைமுகத்திற் சுமை தூக்கும் தொழிலாளி, செட்டியார் தெருக் கடைச் சிப்பந்தி, வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்த சைவக் குடும்பத்துத் தாய், மலர் ஏந்திய பௌத்தப் பெண் ஆகிய எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பர். யாருடைய மதம் எது என்று அங்கு எவரும் கேட்பதில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறையோடு வந்திருக்கின்றனர். மகனுக்கு வேலை, மகளுக்குத் திருமணம், தீராத நோய், அடைபடாத கடன், காணாமற்போன கணவன். தமிழ்க் கத்தோலிக்கர் அந்தோனியாரைக் 'கோடி அற்புதர்' என்று அழைப்பர். அற்புதத்தை நாடி வருவோர் அத்தனை பேர் என்பதற்கு அப்பெயரே சான்று.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலைத் திருப்பலியின்போது, அந்த ஆலயத்தினுள்ளே தற்கொலைக் குண்டொன்று வெடித்தது. அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்ட உயிர்கள் அழிந்தன.

சில காலத்துக்கு முன் வகுப்பறையில் மாணவன் ஒருவன் எழுந்து என்னிடம் கேட்டான்: "சேர், கோடி அற்புதர் எண்டுதானே சொல்லுகினம். அண்டைக்கு ஒரேயொரு அற்புதம் நடந்திருக்கக் கூடாதா?" வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. அவன் கேலிக்காகக் கேட்கவுமில்லை. அன்று நான் பாடவேளை முடிந்ததைக் காரணமாக்கிக்கொண்டு வெளியேறினேன். சைவ வீட்டிற் பிறந்து, பகுத்தறிவைப் பெரிதாக மதிக்கக் கற்ற என்னிடம் இரண்டு ஆயத்த விடைகள் இருந்தன. 'அற்புதம் என்பதே பொய்' என்பது ஒன்று. 'இறைவன் சித்தம் நமக்குத் தெரியாது' என்பது மற்றொன்று. இரண்டும் அந்த மாணவனின் கேள்வியை மூடிவிடுமேயன்றி, அதற்கு முகங்கொடுக்கமாட்டா என்று தோன்றியது. இக்கட்டுரை காலந்தாழ்ந்து நான் அவனுக்குச் சொல்ல முயலும் விடையாகும்.

சொற்கள் சொல்லும் வரலாறு

முதலிற் சொற்களை நோக்குவோம். தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் அற்புதத்துக்குப் 'புதுமை' என்றொரு பெயருண்டு. வழமையான ஒழுங்கிற் காணப்படாதது, ஆகவே புதியது. மனந்திரும்புதல் என்பதற்குப் பழைய கத்தோலிக்க நூல்கள் 'பச்சாத்தாபம்' என்ற வடசொல்லைக் கையாண்டன. செய்ததை எண்ணிப் பின்னர் வெந்து வருந்துதல் என்பது அதன் பொருள். ஆனால், கிரேக்க மூலத்தில் உள்ள 'மெட்டனோயா' என்ற சொல் வருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. அது மனமே மாறிவிடுதலைக் குறிக்கும். 'திரும்புதல்' என்று தமிழில் மொழிபெயர்த்தவர் அதனை நன்குணர்ந்தவர் எனலாம். திரும்புகிறவன் நின்ற இடத்திலேயே நின்று அழுவதில்லை. அவன் நடக்கும் திசை மாறுகிறது.

பொதுமக்கள் மனத்தில் இம்மூன்றுக்கும் ஓர் ஒழுங்குமுறை உண்டு. முதலில் அற்புதம் நிகழ்கிறது. அதைக் கண்டவனிடம் விசுவாசம் பிறக்கிறது. விசுவாசம் வந்தபின் அவன் மனந்திரும்புகிறான். அற்புதக் கூட்டங்களுக்குச் சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் இந்த ஒழுங்கையே நம்புகின்றனர். ஆனால், நற்செய்தி நூல்களைத் திறந்து பார்ப்பவர், கதை அவ்வாறு செல்லவில்லை என்பதைக் கண்டு வியப்படைவர்.

இயேசு தம் பணியைத் தொடங்குமுன் பாலைவனத்திற் சோதிக்கப்படுகிறார். கல்லை அப்பமாக்கு, கோபுரத்திலிருந்து குதி என்ற அழைப்புகள் வருகின்றன. அற்புதத்தால் மக்களைக் கவரும் அந்த வழியை அவர் முதலிலேயே மறுத்துவிடுகிறார். சொந்த ஊரான நாசரேத்தில் விசுவாசம் இன்மையால் அவரால் மிகச் சிலவே செய்ய முடிந்தது என்று மாற்கு எழுதுகிறார். அங்கே விசுவாசம் முன்னும், அற்புதம் பின்னுமாக நிற்கின்றன. பத்துத் தொழுநோயாளர் குணமடைகின்றனர். நன்றி சொல்லத் திரும்பி வருபவன் ஒருவனே. அற்புதங்கள் மிகுதியாக நிகழ்ந்த கொராசினும் பெத்சாயிதாவும் மனந்திரும்பவில்லை என்று இயேசு கடிந்துகொள்கிறார். அவர் எதிர்நிறுத்தும் முன்மாதிரி நினிவே நகரம். அந்நகருக்கு யோனா எந்த அற்புதமும் காட்டவில்லை, எச்சரித்தார், அவ்வளவே. அந்நகரோ அரசன் முதலாக மனந்திரும்பியது. சிலுவையின் கீழே நின்ற கூட்டம் இறுதியாக ஓர் அற்புதம் கேட்கிறது: இறங்கி வா, நம்புகிறோம் என்கிறது. அவர் இறங்கவில்லை.

ஆக, அந்நூல்களின் சாட்சியப்படி அற்புதம் மனந்திரும்புதலைப் பிறப்பிப்பதில்லை. மனந்திரும்புதலை அவை எங்கே காட்டுகின்றன? எரிக்கோ நகரத்து வரிவசூலிப்போர் தலைவனான சக்கேயுவின் கதையிலே காட்டுகின்றன. அவன் செல்வன், உரோம ஆட்சிக்காக வரி கறந்து கொழுத்தவன். மரத்தின் மேலேறி இயேசுவைப் பார்க்கிறான். அங்கே குருடர் பார்வை பெறவில்லை, இறந்தவர் எழவில்லை, ஒரு விருந்து மட்டுமே நடக்கிறது. அவ்விருந்தில் அவன் எழுந்து நின்று, தன் உடைமையிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரையேனும் ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் அறிவிக்கிறான். சக்கேயு கண்ணீர் விட்டானா என்று லூக்கா எழுதவில்லை. எவ்வளவு திருப்பிக் கொடுத்தான் என்பதையே எழுதினார். மனந்திரும்புதலுக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நமது நாட்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

அதிகாரம் கொணர்ந்த விசுவாசம்

தமிழ்க் கரையோரத்திற் கத்தோலிக்கம் பரவிய வரலாற்றில் முதலிடம் பெறுவது அற்புதமன்று, அரசியலே. 1536, 1537ஆம் ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றனர். முத்துக்குளிப்பில் எதிரிகளால் நெருக்கப்பட்ட அவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடியதே அதற்குக் காரணம். பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தது அதன் பின்னர், 1542இல்தான். மன்னாரில் அவர் அனுப்பிய குருவிடம் மக்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அவர்களிற் பலரைக் கொல்வித்தான். இறந்தோர் ஏறத்தாழ 600 பேர் என்பது திருச்சபை மரபு. போர்த்துக்கேயரோடு சேர்ந்தவர்களாக மன்னன் அவர்களைக் கண்டான். போர்த்துக்கேயரோ அவர்களைக் காக்கவில்லை. அவர்களைக் காக்க அற்புதமும் நிகழவில்லை. இரு அதிகாரங்களுக்கு இடையில் நசுங்கிய ஏழை மக்களின் முதற் பட்டியல்களில் அதுவும் ஒன்று.

பின்னர் அதிகாரம் கைமாறியது. 1656இற் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. 1658இலேயே கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பது மரணதண்டனைக்குரிய குற்றமென அவர்கள் அறிவித்தனர். ஒல்லாந்தர் கிறிஸ்தவரே, ஆயினும் கல்வின் நெறியினர். அவர்களது ஆட்சியில் அரச உத்தியோகம் வேண்டியவர் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்கவேண்டும். தேவாலயப் பதிவேடுகளில் ஆயிரக்கணக்கான பெயர்கள் சேர்ந்தன. பள்ளிக்கூட ஆசிரியர்களே அப்பதிவேடுகளையும் பேணினர். நம் தொழிலின் முன்னோர் செய்த வேலை அது. ஆனால் ஒல்லாந்தர் போய், ஆங்கிலேயர் அக்கட்டாயத்தைத் தளர்த்தியதும் அப்பெயர்களிற் பெரும்பகுதி பதிவேட்டிலிருந்து கரைந்து மறைந்தது. பலர் தாம் உள்ளத்தில் விட்டுவிலகாத பௌத்தத்துக்கும் சைவத்துக்கும் வெளிப்படையாகவே திரும்பினர்.

அற்புதமுமின்றி மனந்திரும்புதலுமின்றி, உத்தியோகத்துக்காக உண்டான விசுவாசத்தின் கதி இது. அதே காலத்தில் தடை செய்யப்பட்ட கத்தோலிக்கம் மீனவர் குடிசைகளிலும் வன்னிக் காட்டிலும் அழியாமல் இருந்தது. மாந்தைப் பகுதியிலிருந்து ஒல்லாந்தருக்கு அஞ்சிய மக்கள் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றதே மடு திருத்தலத்தின் தொடக்கம் என்பது மரபு. சலுகை தந்த மதம் கரைந்தது. தண்டனை தந்த மதம் நிலைத்தது. ஏன் என்பதை வரலாற்று மாணவன் ஆராயவேண்டும்.

மழையும் அம்மையும்

அந்த ஆராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான மனிதர் யோசேவாஸ் அடிகள். கோவாவில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி பிறந்த கொங்கணிப் பிராமணர் அவர். (அத்திகதி பின்னர் இந்நாட்டில் வேறொரு பொருள் பெற்றது தற்செயலே. திகதிகளின் ஒற்றுமையில் அற்புதம் தேடுவது வரலாற்றாசிரியன் வேலையன்று.) 1687இல் ஏழைக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். ஒல்லாந்தரின் கண்ணுக்கு மறைந்து, இரவில் வீடு வீடாகச் சென்று பணியாற்றினார். சில்லாலையில் மக்கள் அவருக்கு அடைக்கலம் தந்தனர். பின்னர் புத்தளம் சென்று, 1692இற் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற குற்றச்சாட்டின் பேரில் அங்கே சிறையிடப்பட்டார்.

1696இற் கண்டியிற் கடும் வரட்சி. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் வேண்ட, அடிகள் திறந்த வெளியிற் பீடம் அமைத்துச் செபித்தார் என்றும், பெருமழை பொழிந்தது என்றும், அவர் முழந்தாளிட்ட இடம் மட்டும் நனையவில்லை என்றும் அவரது வரலாறுகள் கூறும். இது புகழ்பெற்ற அற்புதம். அடுத்த ஆண்டு, 1697இல், பெரியம்மை நகரில் பரவியது. மன்னனும் வசதி படைத்தோரும் நகரை விட்டு அகன்றனர். நோயாளரை உறவினரே காட்டோரத்தில் கைவிட்டுச் சென்றனர். யோசேவாஸ் அடிகளும் அவரது மருமகனான கர்வாலியோ அடிகளும் அகலவில்லை. கைவிடப்பட்டோருக்குக் குடிசை கட்டினர், புண் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரைப் புதைத்தனர். பௌத்தரா, கத்தோலிக்கரா என்று வேறுபாடு பார்க்கவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளில் எதனால் அவர்மீது மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது? மழைக் கதை மன்னனுக்கும் அரசவைக்கும் உரியது. மழை பெய்த மறுநாள் வாழ்க்கை பழையபடியே நடந்திருக்கும். அம்மைக் கதையோ தெருவில் கிடந்தவனுக்குரியது. தன்னைப் பெற்றவரே விட்டோடிய வேளையில் அந்நியன் ஒருவன் அருகில் அமர்ந்து தண்ணீர் கொடுத்ததை அவன் மறக்கமாட்டான். மழை இயற்கையின் ஒழுங்கினுள் நிகழக்கூடியது. எந்த வரட்சியும் ஒருநாள் முடிவதுதானே? கொள்ளைநோயின்போது ஓடாமலிருப்பது மனித இயல்பின் ஒழுங்கினுள் எளிதில் நிகழ்வதன்று. 'புதுமை' என்ற சொல்லுக்கு இதுவே அதிகம் பொருந்துகிறது என்பேன்.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. கிறிஸ்தவர்களால் வேட்டையாடப்பட்ட இக்கிறிஸ்தவக் குருவுக்கு இருபது ஆண்டுகளுக்கு அண்மித்த காலம் புகலிடம் அளித்தது ஒரு பௌத்த அரசு. 1711 ஜனவரி 16இல் அவர் கண்டியிலேயே இறந்தார். இந்நாட்டு மதங்களைப் பகைமையின் கதையாகவே சொல்லப் பழகியோர் இதனைப் பாடநூல்களில் ஓரிரு வரியோடு கடந்துவிடுகின்றனர்.

2015 ஜனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். திருச்சபை வழக்கப்படி புனிதர் பட்டத்துக்கு இரண்டாவது ஓர் அற்புதம் நிரூபிக்கப்படவேண்டும். யோசேவாஸ் அடிகள் விடயத்தில் பாப்பரசர் அந்நிபந்தனையைத் தளர்த்தினார். அற்புதங்களை எண்ணிப் பார்ப்பதற்கென்றே நுணுக்கமான நடைமுறை வகுத்திருக்கும் ஒரு நிறுவனம், இங்கே ஒரு மனிதனின் வாழ்க்கையே போதுமென ஏற்றுக்கொண்டது. முற்போக்காளர் இதனைக் கவனிக்கத் தவறலாகாது.

கடல் பின்வாங்கிய கதை

இனிக் கொச்சிக்கடைக்கு மீள்வோம். ஆலய மரபு கூறும் கதை இது: ஒல்லாந்தர் காலத்தில், அந்தோனியோ என்ற குரு கொச்சியிலிருந்து வந்து வணிகர் வேடத்தில் மறைந்து வாழ்ந்தார். ஒல்லாந்தர் துரத்தியபோது முகத்துவாரப் பக்கம் ஓடிய அவரை மீனவர் வழிமறித்தனர். கடல் தம் குடிசைகளை அரித்துக்கொண்டு வருகிறது. அதை நிறுத்தினால் உம்மைக் காப்போம் என்றனர். அவர் கரையில் ஒரு சிலுவையை நாட்டிச் செபித்தார். மூன்றாம் நாள் கடல் பின்வாங்கி மணல்திட்டு எழுந்தது. மீனவர் விசுவாசிகளாயினர், ஒல்லாந்தரும் அவரை அங்கிருக்க விட்டனர். அவர் அமைத்த மண் சிற்றாலயமே இன்றைய ஆலயத்தின் மூலம். 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர்மீதான தடைகளை நீக்கினர். 1834இற் பெரிய ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது.

இலங்கையின் மேற்குக் கரையைத் தென்மேற்குப் பருவக்காற்று ஆண்டுதோறும் அரிப்பதும், அது தணிந்தபின் அலைகள் மணலைத் திருப்பிக் கொணர்வதும் கரையோர மக்கள் அறிந்த செய்தி. எனவே மணல் மீண்டது என்பதில் நம்பத்தகாதது எதுவுமில்லை. ஆனால் கதையின் சாரம் மணலில் இல்லை. துரத்தப்படும் ஒருவனை, கடலால் துரத்தப்படும் மக்கள் சந்திக்கின்றனர். இரு தரப்பினரும் ஒல்லாந்தக் கம்பனிக்கு வேண்டாதவர்கள். ஒருவரையொருவர் காப்பது என்று அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையே அக்கதையின் உயிர். மீனவர், பிடித்துக் கொடுத்திருந்தால் ஆட்சியாளரின் தயவைப் பெற்றிருப்பர். அவர்கள் அதைச் செய்யாமல் பொறுத்திருந்த அந்த மூன்று நாட்களே என் கண்ணுக்கு அற்புதமாகத் தெரிகின்றன.

அதே கடலைப் பிற்காலத்தில் நிலையாகத் தடுத்து நிறுத்தியது எது? கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர். அதற்கு 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்டியவர் வேல்ஸ் இளவரசர். கல் உடைத்தவர்களோ மகர கற்சுரங்கத்துச் சிறைக்கைதிகள். இளவரசரின் பெயர் வரலாற்றில் உள்ளது. கைதிகளின் பெயர்கள் இல்லை. இன்று செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி ஏற்றும் நாம் நிற்கும் இடத்துக்கு அலை வராமலிருப்பதில் அவர்களது கைகளுக்கும் பங்குண்டு. உழைப்பாளர்க்கு 'கோடி அற்புதர்' என்ற பட்டம் கொடுக்க நாம் இன்னும் பழகவில்லை.

யார் மனந்திரும்பவேண்டும்?

மனந்திரும்புதலை எப்போதும் பலவீனரிடமே எதிர்பார்ப்பது மத நிறுவனங்களின் பழைய குறை. குடிகாரன் மனந்திரும்பவேண்டும், பிழைவிட்ட பெண் மனந்திரும்பவேண்டும். அவர்களைச் சுரண்டியவன் முன்வரிசையில் அமர்ந்திருப்பான். சக்கேயுவின் கதை இந்த வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது.

கிறிஸ்தவமும் தன் கணக்கைப் பார்க்கவேண்டியிருந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும், அத்தசாப்தத்திலேயே திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தையும் இடித்தவர்கள் கையிற் சிலுவை இருந்தது. 1883 மார்ச் 25ஆந் திகதி, அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறு, கொட்டாஞ்சேனையில் மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் புனித லூசியா பேராலயத்துக்கு அண்மையிற் கத்தோலிக்கக் கும்பலாற் தாக்கப்பட்டது. அக்காலத்து ஆட்சி நீதி வழங்கத் தவறியதாகப் பௌத்தர் குமுறினர். அக்குமுறலின் வழியாகவே 1885இல் வெசாக் விடுமுறையும் பௌத்தக் கொடியும் வந்தன. 2019ஐப் பேசும் கொட்டாஞ்சேனை 1883ஐயும் பேசக் கற்றுக்கொள்ளவேண்டும். 2000 மார்ச் 12இல், திருச்சபையின் மக்கள் வரலாற்றில் இழைத்த பாவங்களுக்காகப் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமாபுரியிற் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். தாமதமானது, பொதுப்படையானது என்று குறைகூற இடமுண்டு. ஆயினும், தன்னைப் புனிதம் என்று அழைத்துக்கொள்ளும் நிறுவனம் தன் வரலாற்றின் முன் தலைகுனிந்தது சிறிய செய்தியன்று.

இந்நாட்டின் அரசு எப்போது தலைகுனிந்தது?

உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதல் குறித்து 2019 ஏப்ரல் 4ஆந் திகதியே வெளிநாட்டுப் புலனாய்வுத் தகவல் கிடைத்திருந்தது. பதினேழு நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் தேவையாயிருந்தது அற்புதமன்று. ஒரு தொலைபேசி அழைப்பு, வாசலில் நின்று பொதிகளைச் சோதிக்கும் சில பொலிஸ்காரர், அதிகாரப் போட்டியை ஒரு வாரம் ஒதுக்கிவைக்கும் சிறு நேர்மை, இவை போதுமாயிருந்தன. 2023 ஜனவரி 12இல் உயர்நீதிமன்றம், கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாவும், பாதுகாப்பு உயரதிகாரிகள் நால்வர் வேறு தொகைகளும் நட்டஈடாகச் செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் பின்னர் அவர், தாம் அறியாமல் நடந்தது என்று சொல்லிக்கொண்டே, கத்தோலிக்க மக்களிடம் மன்னிப்புக் கோரினார். 2015 ஜனவரியில் யோசேவாஸ் அடிகள் புனிதராக அறிவிக்கப்பட்ட வாரத்தில், பாப்பரசரை ஜனாதிபதியாக நின்று வரவேற்றவரும் இவரே. சக்கேயு தானே எழுந்து நின்று தொகையைச் சொன்னான். இங்கே நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. எனினும், தவறுக்கு ஒரு விலையுண்டு என்பது இந்நாட்டின் மிக உயர்ந்த பதவியை வகித்த ஒருவர் விடயத்தில் எழுத்தில் பதிவானது.

இடையில் நடந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். குண்டு வைத்தவர்கள் செய்த குற்றத்துக்காக, அதிற் பங்கேதுமில்லாத முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் தாக்கப்பட்டன. குற்றவாளி மனந்திரும்ப மறுக்கும் நாட்டிற் குற்றமற்றவன் தண்டிக்கப்படுகிறான்.

தமிழராகிய நமக்கு இது புதிய பாடமன்று. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிற் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்களை எம் மூத்த தலைமுறை கண்டது. 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்தோர்மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1999 நவம்பரில் மடுத் தலத்தினுள்ளே எறிகணை வீழ்ந்து அகதிகள் மாண்டனர். நவாலியிலும் அற்புதம் நிகழவில்லை, மடுவிலும் நிகழவில்லை. இவற்றுக்காக எந்த நீதிமன்றமும் எவரிடமும் 10 கோடி ரூபா கேட்கவில்லை. 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1983க்காக மன்னிப்புக் கோரினார். அதற்குள் இருபத்தொரு ஆண்டுகள் கழிந்துவிட்டன. யுத்தம் முடிந்த 2009இன் பின்னர், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்திற் படங்களை ஏந்தி அமர்ந்திருப்பது எந்த அற்புதத்துக்காகவும் அன்று. பிள்ளையைக் கொண்டுபோனவர் யார் என்ற ஒரு விடைக்காகவே.

நம் பக்கத்திலும் கணக்கு உண்டு. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அயலவராகிய தமிழரிற் பெரும்பாலோர் மௌனமாக இருந்தோம். அந்த மௌனத்துக்கும் மனந்திரும்புதல் தேவை. பிறருடைய கடன் பத்திரத்தை மட்டும் உரக்க வாசிப்பவன் நேர்மையான கணக்கனாக மாட்டான்.

இவ்விடத்தில் ஒரு மனிதரை நினைவுகூர்வது கடமை. குருநாகல் அங்கிலிக்கன் ஆயராயிருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க சிங்களவர்; ஆட்சியாளர் குடும்பங்களோடு உறவுடையவர். 1983 கலவரத்தின் பின்னர், தமிழருக்கு இழைக்கப்பட்டது ஒழுக்கக்கேடான பெருங்குற்றமென்றும், சிங்கள மக்கள் அதற்காக வெட்கப்படவேண்டுமென்றும் வெளிப்படையாகக் கூறினார். அவர் கொளுத்தவில்லை, கொள்ளையடிக்கவில்லை. ஆயினும் தம்மினத்தின் கடனைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். அவருக்காக எவரும் அற்புதம் கோரவில்லை. புனிதர் பட்டமும் இல்லை. ஆனால் மனந்திரும்புதல் என்ற சொல்லுக்கு இந்நாட்டில் உதாரணம் கேட்கும் மாணவனுக்கு நான் முதலிற் சொல்லும் பெயர் அவருடையது.

மாணவனுக்கு விடை

மதத்தை மக்களை மயக்கும் மருந்தாக மட்டுமே காண்போர் கொச்சிக்கடை வரிசையை ஏளனம் செய்வர். அவ்வரிசை ஏன் நீளுகிறது என்று அவர்கள் கேட்பதில்லை. வைத்தியச் செலவுக்கு வழியில்லாத இடத்தில், வழக்குப் பேசப் பணமில்லாத இடத்தில், பிள்ளை எங்கேயென்று கேட்க அலுவலகமில்லாத இடத்தில் மனிதர் அற்புதத்தைக் கேட்கின்றனர். அற்புதம் வேண்டி நிற்போரின் தொகை ஒரு சமூகத்தில் நீதி எவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதை அளக்கும் கோலாகும். அவர்களை நோக்கிச் சிரிப்பது பகுத்தறிவன்று. அவர்களது குறைகளைத் தீர்ப்பதே பகுத்தறிவின் வேலை.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு விடை இதுதான். அன்று அற்புதம் ஏன் நிகழவில்லை என்று நீ கேட்டாய். அற்புதம் தேவைப்படாத ஒரு காலையை அம்மக்களுக்குக் கொடுத்திருக்கக்கூடியவர்கள் இருந்தார்கள். பதினேழு நாட்கள் இருந்தும் அவர்கள் அதைச் செய்யவில்லை. அந்தோனியாரிடம் நீ கேட்ட கேள்வியை நீ அவர்களிடம் கேட்கவேண்டும். நீ வளர்ந்து வாக்களிக்கும்போதும், எழுதும்போதும், ஒருவேளை உயர்பதவியில் அமரும்போதும் அதை மறவாதிருக்கவேண்டும்.

குண்டு வெடித்த அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஆலயம் திருத்தப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை வரிசையும் மீண்டது. சைவத் தாய் வந்தாள். பௌத்தப் பெண் வந்தாள். முன்பு போலவே அருகருகே நின்றனர். அஞ்சி ஒதுங்காமல், அயலவனைப் பகைக்காமல் அவர்கள் அங்கே திரும்பி வந்ததை எந்த ஆணைக்குழுவும் விசாரிக்கவில்லை. விசுவாசம் என்பதற்கு நான் இந்நகரிற் கண்ட சான்று அதுவே. அவர்கள் தம் பங்கைச் செய்துவிட்டனர். கணக்குத் தீர்க்கவேண்டியவர்கள் இன்னும் தம் மரத்திலிருந்து இறங்கவில்லை.